எல்லாவற்றுக்கும் கத்தும் மெசின்

"முதல் முதல் வாங்கிறவனுக்கு எந்த மெசின் நல்லது, பிள்ளை?"

கேட்டவர் அருமைத்துரை மாஸ்டர். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இன்னொருவரிடம் போய்ப் பாடம் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

கேட்கப்பட்டவள் நவமலர். அவரைவிட முப்பது வயது இளையவள். ஒன்பது வருஷம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்து, கை கால் குறையாமல் வீடு வந்து சேர்ந்தவள். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள்.

யுத்தம் முடிந்து வன்னிக்குத் திரும்பியவர்கள், ஓடும்போது மண்ணில் புதைத்துவிட்டுப் போனதைத் தேட வேண்டுமென்றால், அனுமதிக் கடிதத்தோடு அவளிடம்தான் வருவார்கள். உலோகம் தேடும் கருவி அவளிடம் ஒன்று இருந்தது. ஊரில் அதற்கு மெசின் என்றுதான் பெயர்.

"என்னத்தைத் தேடப் போறியள்?"

"மனுசியின்ர தாலிக்கொடி. ஒன்பது பவுண். ஓடேக்க வளவுக்குள்ள தாட்டுப்போட்டு ஓடினது."

மாஸ்டரின் மனைவி சிவயோகம் அன்றிலிருந்து வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் இருக்கிறாள். கலியாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஏழு மெசின்களின் பெயர், எடை, எத்தனை அடி ஆழம் கேட்கும், திரை உண்டா இல்லையா என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். கணக்கு வாத்தியார் வேறு எப்படிச் செய்வார்?

நவமலர் தாளைப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தன் மெசினை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் நிலத்தில வைக்காமல் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

தண்ணீர் கொதிக்க நேரம் எடுத்தது. அவள் திரும்பி வந்தபோது மாஸ்டரின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆழத்தை விடுங்கோ. ஒரு நாள் முழுக்க உங்கட கை தாங்கிற பாரமோ எண்டு முதல்ல பாருங்கோ."

"சரி. ரெண்டாவது?"

"எல்லாத்துக்கும் கத்துற மெசினாப் பாத்து வாங்குங்கோ."

மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை.

"இந்த மண்ணில இல்லாத இரும்போ, பிள்ளை? ஆணி, துவக்குச் சன்னம், வெடிச்ச செல் துண்டு. எல்லாத்துக்கும் கத்தினால் நான் என்னண்டு தங்கத்தைக் கண்டுபிடிக்கிறது? இரும்பெண்டால் பேசாமல் இருந்து, தங்கத்துக்கு மட்டும் கத்துற மெசினும் இருக்காமே."

"இருக்கு."

"பிறகென்ன?"

"முதல் மெசினா அது வேண்டாம்."

"ஏன்?"

நவமலர் தேத்தண்ணியைக் குடித்தாள். மாஸ்டர் காத்திருந்தார். கோப்பை காலியானது. பதில் வரவில்லை.

பெரிய ஞானி என்ற நினைப்பு என்று மனசுக்குள் வைதுகொண்டே அவர் வீட்டுக்குப் போனார்.



அடுத்த கிழமை மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார். தங்கத்துக்கு மட்டும் கத்தும் மெசினோடு திரும்பி வந்தார்.

ஒரே காலையில் வீட்டைச் சுற்றியிருந்த வளவு முழுவதும் நடந்து முடித்தார். மெசின் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

அதே வெயிலோடு அவர் நவமலரிடம் வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"வளவில ஒண்டும் இல்லை. எடுத்துப்போட்டாள்."

"ஆர்?"

"கமலவேணி."

கமலவேணி அடுத்த வளவுக்காரி. புருஷனை யுத்தத்தில் இழந்தவள். அவர்கள் இருந்த பக்கத்தில் ஊர் திரும்பிய முதல் ஆள் அவள்தான். மாஸ்டர் குடும்பம் வந்தது ஆறு மாதம் கழித்து. பழைய கிளுவை வேலியும் இல்லை, அடையாளத்துக்கு ஒரு மரமும் இல்லை. எல்லை இதுதான் என்று கமலவேணி குத்துமதிப்பாக நினைத்து, வந்தவுடனே முள்ளுக்கம்பி அடித்திருந்தாள்.

அந்த ஆறு மாதத்தை மாஸ்டர் எத்தனையோ தடவை மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். விடை ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். இரண்டு வருஷமாக அவளோடு பேச்சில்லை.

"எனக்கு முந்தியே தெரியும். இப்ப மெசினும் சொல்லிப்போட்டுது. வாற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல தேங்காய் அடிக்கப்போறன்."

அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. களவு கொடுத்தவர் கோயில் வாசலில் நின்று, எடுத்தவரின் பேரைச் சத்தமாகச் சொல்லித் தேங்காயை அடித்து உடைப்பார். அந்தக் குடி விளங்காமல் போக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பிறகு அந்த வீட்டில் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள். தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது என்ன கொடுமை என்று மாஸ்டருக்குத் தெரியாமல் இல்லை. கோபம் அவர் கண்ணை மறைத்திருந்தது.

நவமலரின் முகம் மாறியது.

"தாலிக்கொடியை என்னத்துக்குள்ள வச்சுத் தாட்டனீங்கள்?"

"பால்மாப் பேணிக்குள்ள."

அவள் குசினிக்குள் போனாள். வெறும் தகரப் பால்மாப் பேணி ஒன்றோடு வந்தாள். தன் காதிலிருந்த தங்கத் தோட்டைக் கழற்றி அதற்குள் போட்டாள். மூடியை அழுத்தி மூடி, முற்றத்து மண்ணில் வைத்தாள்.

"உங்கட மெசினைப் பிடியுங்கோ."

மாஸ்டர் பிடித்தார்.

மெசின் பேசாமல் இருந்தது.

இன்னும் கிட்டக் கொண்டுபோனார். தட்டிப் பார்த்தார். அது பேசவே இல்லை.

"பேணி இரும்பெல்லோ," என்ற நவமலர், இரும்புக்கும் கத்தும்படி அதிலிருந்த பொத்தான் ஒன்றை அமத்தினாள். மெசின் அலறியது. பேணியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு துருப்பிடித்த பூட்டை வைத்தாள். அதற்கும் அப்படியே அலறியது.

மாஸ்டர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்ப எதுக்குள்ள தங்கம் இருக்கெண்டு என்னண்டு தெரியும்?"

"குனிஞ்சு தோண்டவேணும்."

"ஒவ்வொண்டையுமோ?"

"கண்ணிவெடிக் காணியில நாங்கள் ஒரு சத்தத்தையும் விடுறேல்லை, மாஸ்டர். இது ஆணியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சு விட்ட ஒருத்தி என்னோட வேலை செய்தவள்."

அவளுக்கு என்ன ஆனது என்று மாஸ்டர் கேட்கவில்லை.

"வெள்ளிக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கு," என்றாள் நவமலர்.



மாஸ்டரின் வளவு முன்பே சோதித்துச் சான்றிதழ் கொடுத்த வளவுதான். ஆனாலும் நவமலர் ஒவ்வொரு நாளும் வந்தாள். தைக்க வேண்டிய சட்டைகளோடு ஒரு ஓரமாக இருந்துகொண்டாள்.

முதல் நாள், ஒவ்வொரு சத்தத்துக்கும் தோண்ட முதலே மாஸ்டர் பேர் சொன்னார். "ஆணி" என்பார், கதவுப் பிணைச்சல் வரும். "செல் துண்டு" என்பார், கரண்டி வரும். "உது வெறும் சன்னம்" என்று எழும்பப் பார்த்தார். நவமலர் நிமிர்ந்து பார்த்தாள். திரும்பவும் குனிந்தார். சைக்கிள் சங்கிலி வந்தது.

இரண்டாம் நாள் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சிவயோகம் எண்ணெய் பூசிவிட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு கொம்பாசுப் பெட்டி வந்தது. மூடியில் கூரான எதனாலோ கீறிய பெயர் இருந்தது. அவரிடம் பின்னேர வகுப்புக்கு வந்த பிள்ளை. யுத்தத்தின் கடைசி மாதத்தில் செத்துப்போனவன். மாஸ்டர் பெட்டியைத் துடைத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அன்று அதற்குப் பிறகு தோண்டவில்லை.

நாலாம் நாள் சத்தம் வந்தபோது அவர் எந்தப் பேரும் சொல்லவில்லை. பேசாமல் குனிந்தார்.

வியாழன் பின்னேரம் அவர் மண் படிந்த கையோடு நவமலர் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் முடிஞ்சுது. கம்பிக்குக் கிட்ட மூண்டடி மட்டும்தான் மிச்சம். அங்க போனால் மெசின் ஓயாமல் கத்துது. கம்பியும் இரும்பெல்லோ."

"அப்ப கம்பியைக் கழட்டுங்கோ."

"கம்பி அவளின்ர."

"கேளுங்கோ."

"அவளிட்டையோ? நானோ?"

நவமலர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நாளைக்குக் காலமை ஊருக்கே கேக்க அவளின்ர பேரைச் சொல்லப்போறியள். இண்டைக்கு அவளின்ர படலையில நிண்டு ஒருக்காச் சொல்ல ஏலாதோ?"

மாஸ்டர் தோளிலிருந்த துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். அடுத்த வீடுதான். போய்ச் சேர வெகு நேரம் எடுத்தது.

"கமலவேணி."

அவள் ஈரக்கையோடு வந்து, யாரென்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வேலிக்கரையைத் தேடவேணும், பிள்ளை. கம்பி நிண்டால் மெசின் சரியாக் கேக்குதில்லை. ஒருக்காக் கழட்டட்டோ?"

"என்னத்தைத் தேடுறியள்?"

"தாலிக்கொடி. பேணிக்குள்ள வச்சுத் தாட்டது."

கமலவேணி வாசல் படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒரு பேணி தாட்டனான், மாஸ்டர். மகளின்ர காப்பு ரெண்டும் அதுக்குள்ளதான். வந்த முதல் கிழமையே கிண்டிப் பாத்தன். காணேல்லை."

"ஏன் பிள்ளை, ஒருதரிட்டையும் கேக்கேல்லை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் வெளிக்கிட்டாப் பிறகு, கடைசியா வெளிக்கிட்டது நீங்கள்தானே."

மாஸ்டருக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அதுதானோ வந்தவுடன கம்பி அடிச்சது?"

அவள் ஓம் என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளையே போயிட்டாள். காப்பாவது கிடைச்சால் கையில வச்சிருக்கலாம் எண்டு..."

படலையைத் திறந்துகொண்டு கம்பிப் பக்கம் நடந்தாள்.

ஒரு தலைப்பிலிருந்து மாஸ்டரும் மறு தலைப்பிலிருந்து கமலவேணியும் கம்பியை அவிழ்த்து வந்தார்கள். மூன்று வரிக் கம்பி. முள் இரண்டு பேர் கையிலும் ஏறியது. சுருட்டிய கம்பியை நவமலர் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் போட்டாள்.

மாஸ்டர் மெசினோடு திரும்பி வந்தார். கம்பி நின்ற வரிசையில் மெதுவாக நடந்தார். அமைதி. இன்னும் கொஞ்சம் நடந்தார்.

நடுவில் ஓரிடத்தில் அது அலறியது.

அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக முழங்காலில் இருந்து தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் துரு தின்ற ஒரு விளிம்பு தெரிந்தது. சுற்றிவர விரலால் மண்ணை எடுத்தார்கள்.

பால்மாப் பேணி. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்த நாளில் எல்லா வீட்டிலும் அதே பேணிதான்.

இரண்டு பேரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கடையோ, என்ரையோ?" என்று கேட்டாள் கமலவேணி.

மாஸ்டர் பேணியை இரண்டு கையாலும் எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"தெரியாது, பிள்ளை," என்றார்.