வேறு இலாகா

வெக்கைப்பட்டி வெயில் லேசுப்பட்டதில்லை. மத்தியானம் கம்பியில் உட்கார்ந்த காக்கை அப்பளமாய்ப் பொரிந்து உதிரும். நம்பாதவர்கள் அந்தக் காக்கையையே கேட்கலாம். அந்த வெயிலைச் சூரியப் பலகைகளில் பிடித்துத்தான் ஊருக்கே கரண்ட்.

மின் அதிகாரி ஆவுடையப்பன் ஒருநாள் உச்சிப்பொழுதில் மடத்துக்குள் பாய்ந்து வந்தார். தோள்பையில் பீஸ் கட்டைகள் கடகடத்தன.

"தறிகாரத் தெரு முழுக்கப் பீஸைப் பிடுங்கிவிட்டேன், சாமி."

அவருடைய குரு சிடுசிடுச் சாமி. இருவருக்கும் ஒரே வயது. கோபமும் ஒரே அளவுதான்.

"என்ன குற்றம்?"

"பகலெல்லாம் கரண்ட் வழிகிறது, சீந்துவாரில்லை. வெயில் இறங்கி ஆறு மணி ஆனதும் அத்தனை வீட்டிலும் கரண்ட் அடுப்பைப் போடுகிறார்கள். ஊரே இருண்டுபோகிறது. பகலில் சமையுங்கள் என்று தமுக்கடித்தே சொன்னேன். கேட்டால்தானே? திமிர்! இருட்டில் பட்டினி கிடக்கட்டும், புத்தி வரும்."

"நீர் சாப்பிட்டீரா?"

"இல்லை."

சாமி பானையில் அரிசியைக் கொட்டினார். கரண்ட் அடுப்பில் டங்கென்று வைத்து, திருகிவிட்டார்.

"உச்சி வெயில். கரண்ட் வழிகிறது. சமையும் ஓய்."

ஆவுடையப்பன் குடத்தைச் சாய்த்தார். காலி. அண்டாவைத் தட்டினார். அதுவும் காலி. குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது.

"தண்ணீர் இல்லையே, சாமி."

"திமிரா ஓய்?"

அரிசி தீயும் வாடை எழுந்தது.

"குழாயில் ஆறு மணிக்குத்தானே வரும்! அதுவும் வீட்டுக்கு ரெண்டு குடம். ராத்திரிச் சமையலுக்கே காணாது. அப்புறம் பகலில் எதை ஊற்றி..."

வாய் பாதியில் நின்றது. ஆவுடையப்பன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது என் கையில் இல்லை, சாமி. தண்ணீர் வேறு இலாகா."

"எங்கே இருக்கிறது அந்த இலாகா? காசியிலா?"

"அடுத்த அறையில்."

"போய்ப் பேசியதுண்டா?"

"அப்படி வழக்கமில்லை."

சாமி பானையைத் துணியால் பிடித்துத் தூக்கினார். கருகிய அரிசியை ஆவுடையப்பன் பைக்குள், பீஸ் கட்டைகளின் மேலேயே கவிழ்த்தார்.

"ராத்திரி அந்தத் தெருவில் பிள்ளைகள் சோறு கேட்டு அழும். அந்த அழுகை எந்த இலாகா என்று அடுத்த அறையில் கேட்டுவிட்டு வாரும்."