பதினோராவது நிமிடம்

மாரடைப்பு வந்து நாற்பதாவது நாள், பூதலிங்கம் தன்னைவிட முப்பத்து மூன்று வயது இளைய ஒரு பெண்ணிடம் சீடனாகப் போய்ச் சேர்ந்தார். அவர் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில், பஸ்கள் வந்துபோகிற நேரத்தை எழுதும் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் பெயர் ஹெப்சிபா, பிசியோதெரபிஸ்ட். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து எழுந்தவர்களுக்கு மறுபடி உடம்பை அசைக்கச் சொல்லித் தருகிறவள்.

ஸ்டென்ட் வைத்த மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். தினமும் அரைமணி நேரம் வீட்டிலேயே சைக்கிள் மிதிக்க வேண்டும். மிதிக்காமல் இருப்பது அடுத்த அடைப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்தது. சக்கரம் சுழன்றாலும் இருந்த இடத்தைவிட்டு நகராத சைக்கிள்.

முதல் சனிக்கிழமை அவர் ஹெப்சிபாவிடம் தன் நோட்டை நீட்டினார். தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. ஆறு நாளும் பதினோரு நிமிடம்.

"ஒரு நாள்கூட பன்னிரண்டு இல்லையே சார்?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா? நெஞ்சுல ஏதாவது செய்யுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சலிக்குது. செக்குமாடாவது ஒரு சுத்து சுத்தி வரும் டாக்டர். இது இருந்த இடத்துலயே இருக்கு."

ஹெப்சிபாவிடம் அச்சடித்த தாள் ஒன்று உண்டு. பாட்டு வையுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை மாற்றுங்கள், எதிரே டிவியில் மலைச்சாலை ஓடவிடுங்கள் என்று அதில் இருக்கும். அதைக் கொடுத்தாள். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். எல்லாம் செய்திருந்தார். அப்போதும் பதினோரு நிமிடம்தான்.

"டிவியில ஊரு உலகமெல்லாம் ஓடுது. நான் மட்டும் அங்கயேதான் இருக்கேன். சலிப்பு வராம இருக்க வேற ஏதாவது வழி சொல்லுங்க."

"வழி இருக்கட்டும். அந்தச் சலிப்பு எப்படி வருதுன்னு பாத்திருக்கீங்களா?"

"சலிப்புல பாக்க என்ன இருக்கு?"

"இந்த வாரம் பாட்டு, டிவி ஒண்ணும் வேண்டாம். சும்மா மிதிங்க. அது வந்ததும் பாத்து எழுதிட்டு வாங்க."

மூன்றாவது சனிக்கிழமை நோட்டில் இப்படி இருந்தது: ஞாயிறு, வந்தது. திங்கள், வந்தது. செவ்வாய், வந்தது. வெள்ளி வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் பதினோராவது நிமிடத்தில். இப்படி ஒரு சீடன் கிடைத்தால் எந்த ஆசானும் தலையில் கை வைத்துக்கொள்வான். அவள் சிரிக்காமல் படித்தாள்.

"வந்த நேரம் இருக்கு. எங்க இருந்து வந்துச்சுன்னு இல்லையே?"

"டைம் கீப்பர் வந்த நேரத்ததான் எழுதுவான்."

"பஸ் போர்டைப் பாக்கமாட்டானா?"

பூதலிங்கம் நோட்டை வாங்கி மூடினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"ஹாலுக்குப் போகுது டாக்டர், காது. அந்த நேரமானா யாரோ ஹாலுல இருக்க மாதிரி. எந்திரிச்சு வருவாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"ஹாலுல யார் இருக்கா?"

"யாருமில்ல. நான்தான் இருப்பேன். முன்னாலெல்லாம்."

ஹெப்சிபா தன் அறை மூலையில் இருந்த சைக்கிளைக் காட்டினாள். அவர் ஏறி மிதிக்கத் தொடங்கினார். நாடி பார்ப்பாள் என்று கையை நீட்டினார். அவள் பார்க்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"மிதிச்சுக்கிட்டே சொல்லுங்க. உங்க வீட்டு சைக்கிள் யாருக்கு வாங்கினது?"

"எம் பொண்டாட்டிக்கு. ஆவுடையம்மாள்னு பேரு. அவளுக்கு சுகர். மிதிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. உள் ரூம்புல போட்டுக் குடுத்தேன்."

"மிதிச்சாங்களா?"

"ஏழு பத்துக்கு ஏறுவா. ஏழு இருபத்தொண்ணுக்குக் கூப்பிடுவா. 'ஏங்க, போரடிக்குது, செத்த நேரம் இங்க வந்து உக்காருங்களேன்'னு. நான் ஹாலுல பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன். 'இன்னா வாறேன்'னு சொல்லுவேன்."

"போனீங்களா?"

"டிவி வாங்கிக் குடுத்தேன்."



பெரிய டிவி. சைக்கிளுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். தெருவே மெச்சியது. பெண்டாட்டிக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் உண்டா என்று ஆவுடையம்மாளின் அக்காவே கேட்டாள். அவரும் அதை நம்பினார். ஆவுடையம்மாள் ஒரு வாரம் மிதித்தாள். பிறகு சைக்கிள் கைப்பிடியில் ஈரத் துண்டு தொங்கியது. அப்புறம் பாவாடை, போர்வை.

"வாறவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பேன். எங்க வீட்டுத் துணிக்கொடிக்குச் சக்கரம் உண்டும்னு. சோம்பேறின்னு சொன்னேன். அவ முகத்துக்கு நேராவே சொன்னேன். அவளும் கூடச் சேந்து சிரிப்பா."

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"பொறவு கிட்னி போச்சு. ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமா கிடந்தா. அப்பல்லாம் ராப்பகலா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் டாக்டர். இமை மூடல. அப்ப அவ ஒண்ணும் பேசல."

கதவைத் திறந்து அடுத்த ஆள் எட்டிப் பார்த்தார். ஹெப்சிபா இருக்கச் சொல்லிக் கை காட்டினாள். எழுந்திருக்கவில்லை.

அவர் இன்னும் பேசினார். ஆவுடையம்மாள் வைக்கிற தீயல் குழம்பைப் பற்றி, அவளுக்குப் பிடித்த மட்டிப்பழத்தைப் பற்றி, திருமணமான புதிதில் கன்னியாகுமரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக அவள் போட்ட சண்டையைப் பற்றி. இத்தனையும் அவர் மகளிடம்கூடச் சொன்னதில்லை. முகத்தில் வேர்வையும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன. துடைக்கத் தோன்றவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு கட்டத்தில் பேச்சு ஓய்ந்தது. குனிந்து பார்த்தார். சைக்கிளின் சின்னத் திரையில் முப்பத்து நான்கு நிமிடம் என்று இருந்தது. அவர் காலை நிறுத்தினார்.

அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு நான் எந்திரிச்சுப் போய்ப் பக்கத்துல உக்காந்திருந்தா, அவ இப்ப இருந்திருப்பாளா?"

இந்தக் கேள்விக்குச் சொல்ல நல்ல பதில்கள் பல உண்டு. விதி என்று சொல்லலாம். சுகர் அப்படித்தான் என்று சொல்லலாம். மற்ற நோயாளிகளிடம் ஹெப்சிபாவே அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவற்றில் எதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

"அது எனக்குத் தெரியாது சார்," என்றாள் ஹெப்சிபா. "அரைமணி நேரம் மிதிச்சிருப்பாங்க."