கனலி குடிவந்த வயிறு

அந்தக் காலத்தில் மரமில்லை, மீனில்லை, மூக்கு என்ற ஒன்றே இல்லை. கடல் மட்டும் இருந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் மிதந்தபடி, வாய் இல்லாமலே வாயடித்துக்கொண்டிருந்தன.

அவற்றில் பெரியவள் பெருவயிறி. எதிரில் வந்ததை முதலில் விழுங்குவது, யார் எவர் என்று பிறகு விசாரிப்பது அவள் குல வழக்கம். விழுங்கத் தெரிந்த அளவுக்குச் சமைக்கத் தெரியாது. ஒரு சர்க்கரைத் துண்டிலிருந்து இரண்டு பிடி பலம் எடுப்பாள், மிச்சத்தைப் புளிக்கவிட்டுக் கொட்டிவிடுவாள்.

அப்போது பச்சை உயிர்கள் வெயிலைத் தின்று பிராணவாயுவை விடத் தொடங்கியிருந்தன. அது பட்ட இடமெல்லாம் பெருவயிறிக்கு எரிந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. அவள் இரண்டாகப் பிரிந்து மகளைப் பெறும் நாள் வந்துவிட்டது. இடுப்பைச் சுருக்குவாள், பலம் போதாமல் மறுபடி உப்பிவிடுவாள். மூன்று முறை தோற்றாள். இன்னொரு முறை தோற்றால் அவளோடு குலமே முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கனலி வந்தாள். எல்லோரும் அஞ்சி ஓடிய பிராணவாயுவில் ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்த பொடி உயிர் அவள். பெருவயிறி வழக்கப்படி விழுங்கினாள்.

வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, என்னைக் கரைக்கறதுக்கு முன்னால ஒரு நிமிஷம். சர்க்கரையை ஏன் இப்படி அரைகுறையா விட்டு வெச்சிருக்கீங்க?"

"என் வயித்துலயே உட்கார்ந்துக்கிட்டு என்னையே குறை சொல்றியாடி?" என்றாள் பெருவயிறி.

"மிச்சத்தை இப்படித் தள்ளுங்கக்கா. கொஞ்சம் பிராணவாயுவும் உள்ள விடுங்க."

"அது என்னைக் கொன்னுடும்."

"என் கையில கொடுங்க. எனக்கு அது அடுப்பு ஊதுற காத்து."

பெருவயிறிக்குப் பயம்தான். ஆனாலும் மகளை நினைத்துக்கொண்டாள். பிறந்த நாள் முதல் செய்யாத காரியத்தைச் செய்தாள்: விழுங்கியதைக் கரைக்காமல் விட்டாள்.

கனலி அந்த மிச்சத்தை அவசரப்படாமல், படிப்படியாக எரித்தாள். முப்பது பிடி பலம் வந்தது. கரியமில வாயுவும் கொஞ்சம் தண்ணீரும்தான் மிஞ்சின.

பெருவயிறி இடுப்பைச் சுருக்கத் தொடங்கியதும் கனலி தடுத்தாள். "மகளை வெறுங்கையோடவா அனுப்புவீங்க?" என்று கேட்டு, தானே முதலில் இரண்டாகப் பிரிந்தாள். "இவளைத் தாய்வீட்டுச் சீரா அனுப்புங்க. நான் இங்கயே இருக்கேன். ஆனா எங்க குலம் எங்க குலம்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டோம்."

"இரு தாயே. சோறு நான் போடறேன்," என்றாள் பெருவயிறி. அடுத்த கணம் மகள் பிறந்தாள்.

அந்த மகளின் வழியில் வந்தவர்கள் நாம்; நம் உடம்பின் செல்களுக்குள் கனலியின் குலம் இன்னும் குடியிருக்கிறது. சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். அன்று பற்றிய அடுப்புக்காகத்தான் இன்றுவரை மூச்சை இழுக்கிறோம். மூச்சு வாங்க ஓடும்போது மட்டும் உடம்பு அந்தப் பழைய புளிப்பு வேலையைக் கொஞ்சம் செய்து பார்க்கிறது. உள்ளங்கையில் ஊதிப் பாருங்கள். சூடும் ஈரமுமாக வருகிறதே, அது கனலி வீட்டுப் புகை. அன்று முதல் இன்றுவரை அந்த அடுப்பை ஒவ்வொரு பிள்ளைக்கும் சீராகக் கொடுத்து அனுப்புகிறவள் அம்மாதான்.