அரசர் எடையைத் திருடியவன்

வெகு காலத்துக்கு முன்னே வாகைநல்லூர் என்றொரு நாடு. அதைத் திருமேனிராயர் என்ற அரசர் ஆண்டார். ஆண்டார் என்று சொல்வது வழக்கம். உண்மையில் உட்கார்ந்திருந்தார். கட்டிலிலிருந்து பல்லக்கு, பல்லக்கிலிருந்து சிம்மாசனம், மறுபடி பல்லக்கு. அரசர் பாதம் மண்ணில் பட்டால் நாட்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், மடைப்பள்ளி அதிகாரி தேனப்பர்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கொரு முறை தராசின் ஒரு தட்டில் அரசர் உட்காருவார். எதிர்த்தட்டில் வெல்லத்தை ஏற்றுவார்கள். போன ஆண்டைவிட அதிகம் ஏறினால், "அரசர் எடையே நாட்டின் எடை!" என்று தேனப்பர் கூவுவார். ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள். அந்த வெல்லம் முழுவதும் மடைப்பள்ளிக்குத்தான் போகும். அங்கே அதைக் காய்ச்சி, அழுக்கெடுத்து, வெள்ளை வெளேரென்று சீனியாக்கி, தவிடு போகத் தீட்டிய அரிசி மாவில் சேர்த்து, நெய்யில் பொரித்து, திரும்பவும் அரசர் வயிற்றுக்கே அனுப்புவார்கள்.

அந்த வருஷம் அரசர் தட்டில் உட்கார்ந்தார். வெல்லம் ஏறியது. போன ஆண்டு ஏறிய அளவில் கால் பங்கு வெல்லம் தரையில் மீதி இருக்கும்போதே தட்டு சமமாகிவிட்டது.

மைதானத்தில் கூடியிருந்த ஜனங்கள் தராசை எட்டி எட்டிப் பார்த்தார்கள். தேனப்பர் பாய்ந்து வந்தார். "பிரபு! தராசுக்குப் பொறுப்பு மந்திரி கூத்தரசர். முத்திரையும் அவரிடம், சாவியும் அவரிடம். உங்கள் எடையைத் திருடிவிட்டார்!"

எடையைத் திருடமுடியுமா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். அரசவையில் அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள்.

அரசருக்கு முகம் சிவந்தது. "கூத்தரசரே! நாளைச் சாயங்காலத்துக்குள் திருடனைப் பிடித்துக் கொடும். இல்லையென்றால் உம்மைக் கழுவில் ஏற்றுவேன்" என்றார். சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். உடனே இன்னொன்று கேட்டார்.

மந்திரி அந்தச் செம்பைப் பார்த்தார். அரசர் தட்டிலிருந்து இறங்குகையில் பித்தளை ஆணி ஒன்று அவர் குதிகாலில் ஏறியதையும் பார்த்தார். பட்டு விரிப்பில் ரத்தம் பரவியது. அரசரோ முகம்கூடச் சுளிக்காமல் பல்லக்கில் ஏறிப் போய்விட்டார். மந்திரிக்குத் தன் உயிரைப் பற்றிய கவலை அப்போது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை மந்திரி சபையில் சொன்னார்: "பிரபு, திருடன் தினமும் ஒரே வழியாகத்தான் வெளியே போகிறான். அவனை அடையாளம் காட்டச் சாட்சிகளை வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்றே ஒன்று வேண்டும். தாங்களும் சபையில் இருப்பவர்களும் ஆளுக்கொரு கலயத்தில் சிறுநீர் கழித்துக் கொடுக்க வேண்டும்."

"மந்திரிக்குச் சாவு பயத்தில் புத்தி கலங்கிவிட்டது!" என்று தேனப்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். அரசருக்கும் சிரிப்பு வந்தது. வேடிக்கைதானே என்று சம்மதித்தார்.

கலயங்களில் பெயர் எழுதி முற்றத்து வெயிலில் வரிசையாக வைத்தார்கள். வெயில் ஏற ஏறச் சாட்சிகள் வந்தார்கள். மதில் ஓரத்திலிருந்து சாரை சாரையாக எறும்புகள். பல கலயங்களைத் தாண்டி நேராக அரசர் கலயத்தில் ஏறி மொய்த்தன. பல்லக்கில் போய் விருந்து தின்னும் பிரபுக்கள் சிலருடைய கலயங்களையும் அவை விடவில்லை.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்றார் அரசர்.

"தின்ற இனிப்பு உடம்பில் தங்கவில்லை, பிரபு. அசையாத உடம்புக்கு அதைச் செலவழிக்கத் தெரியவில்லை. வெளியே ஓடுகிறது. போகும்போது சதையையும் கரைத்துக்கொண்டு போகிறது. அதுதான் நேற்றுத் தராசில் தெரிந்தது. தயவுசெய்து தங்கள் குதிகாலைப் பாருங்கள்."

அரசர் குனிந்து பார்த்தார். ஆணி அப்படியே இருந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது. தொட்டார். வலிக்கவில்லை. அப்போதுதான் அவர் பயந்தார்.

"இன்னும் ஒன்று" என்றார் மந்திரி. "எறும்பு எட்டிக்கூடப் பார்க்காத கலயங்களில் ஒன்றைப் பாருங்கள். தினமும் இனிப்பின் நடுவிலேயே நிற்பவருடையது அது. தேனப்பரே, நீர் என்ன சாப்பிடுகிறீர்?"

தேனப்பர் தலை குனிந்தார். "கேப்பைக்களி... கீரை. சந்தைக்கு நடந்தே போய் வருவேன்."

"நீ செய்ததை நீயே தொடமாட்டாயா?" அரசர் கேட்டார்.

"எங்கப்பாவுக்கு இதே நோய்தான், பிரபு. இனிப்பு தின்றே கால் அழுகிச் செத்தார். அதிலிருந்து நான் தொடுவதில்லை."

"தெரிந்துமா எனக்குக் கொடுத்தாய்?"

"தாங்கள் லட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அப்புறம் இந்த அரண்மனையில் எனக்கு என்ன வேலை?"

சபையே வாளை எதிர்பார்த்தது. அரசர் வாளை எடுக்கவில்லை. "இவனைக் கொல்லாதீர்கள். இனி என் புண்ணை இவன்தான் கழுவ வேண்டும். இவன் தின்னும் களியையே எனக்கும் கிண்டித் தர வேண்டும்" என்றார். பிறகு மந்திரிக்குப் பரிசு கொடுக்கக் கணையாழியைத் தொட்டார். கழற்ற வேண்டியிருக்கவில்லை. விரலிலிருந்து அதுவே நழுவி விழுந்தது.

புண் ஆறவில்லை. மருத்துவர்கள் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். வெட்டிய காலை நந்தவனத்தில் புதைத்தார்கள். பல்லக்கை விறகாக்கச் சொல்லிவிட்டு, அரசர் ஊன்றுகோலோடு நடக்கப் பழகினார். நடக்க இரண்டு கால் இருந்தபோது நடக்காத மனிதர் அவர். நினைத்தால் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

அடுத்த ஆண்டு தராசு நாள் வந்தது. அரசர் அரண்மனையிலிருந்து மைதானம் வரை தத்தித் தத்தி நடந்தே வந்து தட்டில் உட்கார்ந்தார். எதிர்த்தட்டில் வெல்லத்துக்குப் பதில் கேழ்வரகு ஏறியது. போன ஆண்டைவிடக் குறைவு. எப்போதும் கூவும் தேனப்பர் அரசரின் ஊன்றுகோலை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மந்திரி ஏதோ சொல்ல வந்தார்.

அரசர் கை உயர்த்தித் தடுத்தார்.

"இந்த வருஷம் திருடனைத் தேட வேண்டாம், கூத்தரசரே. குறைந்தது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்" என்று சொல்லி, நந்தவனத்துப் பக்கம் பார்த்தார்.