தகடு என்று எழுதப்பட்ட கால்

மூன்று பேர் செய்த காரியத்தைச் சொல்லப்போகிறேன். மூவரையும் நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. யாரை நினைத்து அதிகம் குமட்ட வேண்டும் என்பதுதான் வழக்கு.

தென்கடலோரத் துறைமுக நகர் ஒன்றில் ஜெசிந்தா என்றொரு ஓட்டக்காரி இருந்தாள். பேருந்து மோதியதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் ஊன்றுகோலில் நடந்தவள், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஓட்டப் போட்டியில் பெயர் கொடுத்தாள். ஓடுவதற்கென்றே வளைத்துச் செய்யப்படும் செயற்கைக் காலை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தாள். போட்டிக்கு இருபது நாள் இருக்கையில் பெட்டி துறைமுகத்தில் இறங்கியது.

அதை எடுத்துவரும் பொறுப்பை அண்ணன் அமல்ராஜ் ஏற்றுக்கொண்டான். அவனிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "சுங்கத் தாள்ல கால்னே எழுதிக் குடுங்கண்ணே. எவ்வளவு வரி வந்தாலும் கட்டிருவோம்."

அமல்ராஜ், துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் குலசேகரனிடம் போனான். கால் என்று எழுதினால் விலையில் பாதி வரியாகப் போகும் என்று அவர் பயமுறுத்தினார். 'பிளாஸ்டிக் தகடு, மாதிரிச் சரக்கு' என்று எழுதினால் ஒன்றும் வராது என்றார். இத்தனைக்கும் முந்தைய ஆண்டு ஒரு மருத்துவமனைக்கு ஐம்பது செயற்கைக் கால்களை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். அமல்ராஜ் தங்கையின் பெயரில் கையெழுத்துப் போட்டான். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பெட்டி வந்து இறங்கிய ஆறாம் நாள் சுங்க அதிகாரி தாமோதரன் அதைத் திறந்தார். உள்ளே கால் இருந்தது. மருத்துவரின் சீட்டும், ஜெசிந்தாவின் கைப்பேசி எண்ணும், போட்டித் தேதி குறித்த கடிதமும் இருந்தன. எல்லாவற்றையும் படித்தார். தவறாக எழுதியதைப் பெட்டி இறங்கிய ஏழு நாளுக்குள் திருத்திக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. அவர் பொருளை முடக்கி, அறிவிப்பைத் தபாலில் அனுப்பினார். அது ஒன்பதாம் நாள் அவள் கைக்குக் கிடைத்தது.

அவள் ஊன்றுகோலோடு அலுவலகத்துக்குப் போனாள். தாமோதரனின் முதுகுக்குப் பின்னால், செயற்கை உறுப்புகளுக்கு வரியே கிடையாது என்று பலகை தொங்கியது. அதை வாசித்துவிட்டு, ஏன் ஒரு போன் செய்யவில்லை என்று கேட்டாள்.

"போன் பண்ணணும்னு சட்டத்துல இல்லம்மா," என்றார் அவர். "கால்னு எழுதியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்."

அபராதம் கட்டி, மேல்முறையீடு முடிந்து, கால் வெளியே வர ஐந்து மாதமாயிற்று. போட்டி முடிந்துவிட்டது. அதற்குள் முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய கால் மெலிந்துவிட்டதால், அதைச் செருகும் கிண்ணம் பொருந்தவுமில்லை.

இல்லாத வரிக்குப் பயம் காட்டிக் கூலி தின்றவர் ஒருவர். தங்கை பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டவன் ஒருவன். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு தபால்தலை ஒட்டியவர் ஒருவர். இதில் யார் செய்தது மிகக் கேவலம்?

விடை: என்னைக் கேட்டால் அதிகாரிதான். முதல் இருவரும் தாங்கள் செய்வது தப்பென்று தெரிந்து மறைத்தார்கள். அதைச் சரிசெய்ய ஒரு நாள் மிச்சமிருந்தது அவர் ஒருவர் கையில்தான். அவரோ கடமையைச் செய்துவிட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போனார். ஆனால் ஜெசிந்தா இந்தத் தீர்ப்பை ஒப்புவதில்லை. மற்ற இருவருக்கும் அவள் யாரோ. அண்ணனிடம்தான் வாய்விட்டுக் கேட்டிருந்தாள். இன்றுவரை அவனோடு அவள் பேசுவதில்லை.