நொச்சிக் கரையும் பூட்டிய பீரோவும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். தமயந்தி டீச்சர் சொன்னதை மாற்றிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எதற்குத்தான் வராது அவருக்கு?

மத்தியான வேளைகளில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்தவர் அவர். என்னைவிட இளையவர். ஆற்றங்கரையில் வாசகசாலை வந்ததும் அவரால்தான். ஆனால் புத்தக பீரோவின் சாவி பஞ்சாயத்துத் தலைவர் சபாநாயகத்தின் இடுப்பில் தொங்கியது. கண்டவர் கை பட்டால் புத்தகம் கெட்டுவிடுமாம். நாங்கள் கண்ணாடி வழியாக அட்டைகளைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஒருநாள் புதுப் புத்தகக் கட்டு வந்தது. அது பீரோவுக்குள் போகும் முன்பே டீச்சர் கைக்கு வந்ததை எடுத்து எங்கள் மடியில் திணித்தார். திருடி என்று சொல்லிவிடுவார்களோ என்று என் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.

ஆடிப் பெருக்குக்குப் படித்துறைப் புல்பூண்டை மட்டும் செதுக்குவது வழக்கம். அந்த வருஷம் அதிகாரி வருகிறார் என்று தலைவர் கரை முழுவதையும் சிரைக்கச் சொன்னார். நொச்சி, நாணல் எல்லாம் போயிற்று. பாம்புக்குப் பயந்து, ஆற்றை ஒட்டிய என் கொல்லைப் பக்கமும் வெட்டச் சொன்னேன். டீச்சர் ஓடிவந்து அரிவாளுக்கு முன்னால் நின்றார்.

“அடுத்து பாம்புக்கு அரிச்சுவடி சொல்லித் தருவாங்க டீச்சர்,” என்றார் தலைவர்.

ஆட்கள் சிரித்தார்கள். டீச்சர் நகரவே இல்லை. அலுத்துப்போய் அவர்கள்தான் திரும்பினார்கள். அன்று எனக்கும் அவர் மேல் ஆத்திரம்.

ஐப்பசியில் ஆறு பெருகியது. சிரைத்த கரை பாளம் பாளமாக விழுந்தது. தலைவர் சாவியோடு டவுனில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பூட்டை உடைக்க டீச்சர் கல்லோடு ஓடினார். தரை பிளந்துகொண்டிருந்தது, நாங்கள் அவரை இழுத்துப் பிடித்தோம். கண்ணெதிரே வாசகசாலைச் சுவர் சரிந்தது; பீரோ சாய்ந்து, குப்புற விழுந்து, தண்ணீரோடு போயிற்று.

என் கொல்லை அப்படியே இருந்தது. தண்ணீரில் படுத்துக் கிடந்த நொச்சி, வடிந்ததும் எழுந்துகொண்டது.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கரையில் தலைவர், இந்தத் தடவை இரும்பு பீரோ வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டும் பெரிதாம். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், எங்கிட்ட இது ஒண்ணு இருக்கு. இனிமே எங்க பத்திரமா வைக்கிறது?”

அவர் விறுவிறுவென்று என் கொல்லைக்கு நடந்தார். நொச்சிக் கொம்புகளை ஒடித்தார். ஒன்றைச் சிரைத்த கரையின் சேற்றில் குத்தினார். இன்னொன்றை என் கையில் அடிப்பதுபோல வைத்தார்.

“பத்திரமா வெச்சதெல்லாம் ஆத்தோட போச்சு, பவுனக்கா. இன்னுமா கேக்கறீங்க?”

பாம்புப் பயம் எனக்கு இன்றும் போகவில்லை. ஆனாலும் பொழுது சாயும்வரை கொம்பு நட்டேன். திரும்பும் வழியில் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு ராசாமணியிடம் கொடுத்தேன். எப்போது திருப்பித் தரவேண்டும் என்று கேட்டாள்.

எனக்குத் தராதே, அடுத்த வீட்டுக்குக் கொடு என்று சொல்லிவிட்டு, சேற்றுக் கையைக் கழுவப் போனேன்.