மூணு வருசக் கேரண்டி

பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். தையலில் தொங்குகிற நூலையெல்லாம் வெட்டி அடுக்கிக் கொடுக்க வேண்டும். பாப்பாவை அத்தை, என் மாமியார், பார்த்துக்கொள்வார்; கை அதுபாட்டுக்கு வெட்டும். காதுக்குத்தான் வேலை இல்லை.

எங்கள் வீட்டுக்கும் குமுதா டீச்சரின் கம்ப்யூட்டர் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். ஓரத்து இடுக்கில் பார்த்தால் ஆளும் தெரியும். நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவள் இல்லை. கேட்டதைச் சொல்கிறேன்.

டீச்சருக்கு ஒரு சீடர். அங்கப்பன் என்று பெயர். டீச்சரைவிட இருபது வயசு மூத்தவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பெலும்பு போனபிறகு ஓட்ட முடியாமல் வேறு தொழில் பழக வந்தார். வந்த அன்றைக்கு, இந்த வயசில் டீச்சர் என்று கூப்பிட வெட்கமாக இருக்கிறது என்றார். பிறகு ஒருநாளும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

அவர் ஒருநாள் கேட்டார். கம்ப்யூட்டரில் படம் நன்றாக வரப் போடுகிற கிராபிக்ஸ் கார்டில் இத்தனை ரகம் இருக்கிறதே, வசதி இல்லாத வீட்டுக்கு எதைக் கொடுப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"கார்டைப் பார்க்காதீங்க. ஆளைக் கேளுங்க," என்றார் டீச்சர்.

"என்னன்னு கேக்கட்டும்?"

எதற்கு வேண்டும் என்று கேட்க வேண்டும். வீட்டில் இருக்கிற பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை கார்டைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எத்தனை வருசம் வர வேண்டும் என்று கேட்க வேண்டும். இதெல்லாம் ஆகாமல் அலமாரியில் கை வைக்கக் கூடாது. டீச்சர் அவ்வளவுதான் சொன்னார். அங்கப்பன் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரமே நாச்சிமுத்து என்று ஒருவர் வந்தார். சாயப்பட்டறையில் வேலை, நகமெல்லாம் நீலம். ஆட்டோவிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். சிந்துஜா. காலேஜ் போகிற வயசுப் பெண். கால் ரெண்டும் துணி மாதிரி தொங்கின. கை வைத்த இடத்திலேயே இருந்தது. விரல் மட்டும் அசைந்தது. மறுபடி போய்ப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியையும் தூக்கி வந்தார். படம் சரியாக வரவில்லை, ஒரு கார்டு போட வேண்டும், விலை கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

எதற்கு என்று அங்கப்பன் கேட்டார்.

"லாரி ஓட்டுறேங்கண்ணா," என்றாள் சிந்துஜா.

அங்கப்பன் நிமிர்ந்து பார்த்தார். கம்ப்யூட்டரில் அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதாம். சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். இவள் விரலாலேயே ஓட்டுகிறாள். ஆனால் படம் திக்கித் திக்கி வருகிறது. வளைவில் அது நின்று நகர்வதற்குள் வண்டி பள்ளத்தில் போய்விடுகிறது.

"என்ன லோடு?"

"மரம்."

"மரத்தை ஏத்திட்டு வளைவுல எத்தனைல போறே?"

"எம்பதுங்க."

"அப்பப் படத்து மேல தப்பில்ல கண்ணு. டிரைவர் மேலதான்."

அவள் சிரித்தாள். நாச்சிமுத்துவும் சிரித்தார். உள்ளே வேலையாக இருந்த டீச்சரும் சிரித்தது கேட்டது.

அங்கப்பன் பெட்டியைத் திறந்து பார்த்தார். பவர் சப்ளை சின்னது, தனி ஒயர் கேட்காத கார்டுதான் இதற்குத் தாங்கும் என்று அவரே சொன்னார். டீச்சர் ஆமாம் என்றார். அந்தச் சந்தோசத்தில் அடுத்ததையும் கேட்டுவிட்டார்.

"எத்தனை வருசத்துக்கு வரோணும்?"

நாச்சிமுத்து மகளைப் பார்க்காமல் இருக்க மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

சிந்துஜாதான் சொன்னாள். "இந்தத் தீவாளி வரைக்கும் வந்தாப் போதுங்கண்ணா. அதுக்கு மேல ஓட்ட ஆளில்ல."

"சும்மா இரு சாமி," என்றார் அவள் அப்பா.

பிறகு குரலைத் தாழ்த்தி அவரே சொன்னார். தசை உருகுகிற நோய். கால் போய், கை போய், இப்போது மூச்சுக்கு வந்து நிற்கிறது. விரல் அசைகிறவரைக்கும் ஓட்டட்டும் என்றுதான் வந்தது.

அங்கப்பனுக்கு வேர்த்துவிட்டது. அவசரமாகக் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். செகண்ட் ஹேண்ட். எங்கேயோ ராத்திரி பகலாக ஓடி ஓய்ந்து, துடைத்து விற்பனைக்கு வந்தது. விலை பாதிகூட இல்லை. படம் நன்றாக வரும், என்றைக்கு நிற்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. நாச்சிமுத்துவைத் தட்டி ஓரமாகக் கூட்டி வந்தார். எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்கள்.

"இது ஒரு வருசம் வருங்க. உங்களுக்கு அது போதும். மிச்சத்தை மருந்துக்கு வச்சுக்கங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாச்சிமுத்துவும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

டீச்சர் எழுந்து வந்து அந்தக் கார்டை அவர் கையிலிருந்து எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்தார். மேலே இருந்து ஒரு புது டப்பாவை எடுத்தார். சிந்துஜாவிடம் போய் நின்றார்.

"இது புதுசு. தனி ஒயர் வேண்டாம், உன்ற பெட்டி தாங்கும். மூணு வருசம் கேரண்டி. நடுவுல மக்கர் பண்ணுச்சுன்னாக் கொண்டா, மாத்தித் தரேன்."

அவள் டீச்சர் முகத்தையே பார்த்தாள்.

"மூணு வருசமாக்கா?"

"மூணு வருசம். ஃபேன்ல தூசி அடைய விடக் கூடாது. சுத்தம் பண்ணாம வச்சிருந்துட்டு அப்புறம் வந்து நின்னா நான் பேசமாட்டேன்."

"அப்பாதான் துடைக்கோணும். அவரு சரியான சோம்பேறிங்க்கா."

"அப்ப அவரைத் திட்டு."

நாச்சிமுத்து சட்டைப்பையில் கை விட்டார். பிறகு உள்பையிலும் விட்டார். உள்பையில் இருந்தது மருந்துக்கு வைத்திருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் நினைத்திருந்தால் அந்தப் பழையதே போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றைக்கு முழுக்க அங்கப்பன் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆடி பிறந்ததும் சிந்துஜா போய்விட்டாள்.

அங்கப்பன் அவளை எடுப்பதற்குப் போய்விட்டு வந்து டீச்சரிடம் சொன்னார். கடைசியில் விரலும் நின்றுவிட்டதாம். அப்பா ஓட்ட, இவள் பக்கத்தில் படுத்தபடி வளைவு வருது, குறைங்க, குறைங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அவர் கொண்டுபோய்ப் பள்ளத்தில்தான் விடுவாராம். இவளுக்குக் கோபம் வருமாம். மூச்சு வாங்க வாங்கத் திட்டுவாளாம்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அங்கப்பன் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

"என்ற கணக்குத் தப்பில்ல டீச்சர். பழசே போதுமா இருந்துச்சு."

"ஆமா."

"எத்தனை வருசம்னு கேக்கச் சொன்னதே நீங்கதான்."

"நான்தான்."

"மருந்துக்கு வச்சிருந்த காசுங்க அது. அதையும் வாங்கிட்டீங்க."

"வாங்கினேன்."

"மூணு வருசம்னு அந்தப் புள்ள மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்க. தெரிஞ்சே சொன்னீங்க."

 வெளியே பஸ் ஒன்று போய் முடிந்ததும் டீச்சர் சொன்னார்.

"அந்த வூட்டுல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. கார்டுக்குமா தெரியோணும்?"

  நான் இடுக்கு வழியாகப் பார்த்தபோது அங்கப்பன் கீழ்த்தட்டிலிருந்த அந்தப் பழைய கார்டை எடுத்து, ஃபேனில் அடைந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார் — இதோ வந்துட்டேன் அத்தை, பாப்பாவை இறக்கி விடாதீங்க, நான் வந்து தூக்கிக்கறேன்.